தட்டை ஆன்டெனாவில் ஃபீடை எங்கே நிறுத்துவது? ஊட்டிக் கூரை ஒன்றை வைத்து ஒரு கணக்கு

ரிஃப்ளெக்ட்அரே என்பது டிஷ் செய்யும் வேலையைத் தட்டைப் பலகையால் செய்யும் ஆன்டெனா. பலகையின் மேல் ஆயிரக்கணக்கான செப்புத் துண்டுகள் அச்சிடப்பட்டிருக்கும். எதிரே தண்டின் நுனியில் ஒரு ஹார்ன், அதாவது அகன்ற வாயுள்ள கூம்பு நிற்கும்; அலையை ஊட்டுவதால் இதற்கு ஃபீட் என்று பெயர். ஹார்னிலிருந்து வரும் அலையை ஒவ்வொரு துண்டும் தனக்கென விதிக்கப்பட்ட அளவு கட்டத்தை (அலையின் ஏற்ற இறக்கத்தில் அது நிற்கும் நிலையை, phase) மாற்றித் திருப்பி அனுப்பும். எல்லாம் சேரும்போது வானில் ஒரே திசையை நோக்கிய கற்றை உருவாகும். 1963இல் பெர்ரி, மலெக், கென்னடி ஆகியோர் அலைவழிக் குழாய்த் துண்டுகளைக் கொண்டு இதைக் காட்டினார்கள். அச்சுப் பலகை வந்தபிறகுதான் இது எடை குறைந்த, மடித்து எடுத்துச் செல்லக்கூடிய ஆன்டெனா ஆயிற்று. 2018 நவம்பரில் இன்சைட் கலம் செவ்வாயில் இறங்கிய செய்தியைப் பூமிக்கு அஞ்சல் செய்த இரண்டு மார்கோ சிறு விண்கலங்களும் இப்படிப்பட்ட பலகையைத்தான் சுமந்து சென்றன.

இதன் பெரிய குறை, வேலை செய்யும் அதிர்வெண் பட்டை குறுகலாக இருப்பது. அதை அகலப்படுத்த முனைபவர்கள் பெரும்பாலும் செப்புத் துண்டின் வடிவத்தில்தான் கவனம் செலுத்துகிறார்கள். சதுரமா, வளையமா, இரட்டை அடுக்கா என்று மாதக்கணக்கில் பார்த்துவிட்டு, ஃபீடைக் கடைசியில் கையில் கிடைத்த தண்டில் பொருத்துகிறார்கள். இந்த வரிசை தவறு. ஃபீட் நிற்கும் இடம் முடிவாகாமல் ஒரு துண்டின் அளவைக்கூடச் சரியாகச் சொல்ல முடியாது. பட்டை எவ்வளவு அகலமாக இருக்கலாம் என்பதற்கு மேல்வரம்பு போடுவதும் பெருமளவு அந்த இடம்தான்.

நீலகிரியில் இருப்பவர்களுக்கு இதற்கு நேர்மாறான உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. முத்தோரையில் மலைச்சரிவோடு படுத்திருக்கும் ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட பரவளைய உருளை. அதன் குவியக்கோட்டில் 1,056 இருமுனைகள் (டைபோல் ஆன்டெனாக்கள்) வரிசையாக நிற்கின்றன. அவை 326.5 மெகாஹெர்ட்ஸுக்காக அமைக்கப்பட்டவை. ஆனால் அந்தப் பரவளையத்தின் குவியக்கோடு எந்த அதிர்வெண்ணிலும் அதே இடத்தில்தான் இருக்கும். விளிம்பில் பட்டுவரும் அலையும் நடுவில் பட்டுவரும் அலையும் ஒரே நீளப் பாதையைக் கடக்கும்படி வளைவே பார்த்துக்கொள்கிறது. தட்டைப் பலகையில் பாதைகள் சமமில்லை. அந்த நீள வேறுபாட்டைக் கட்டமாக மாற்றி, 360 டிகிரியின் முழு மடங்குகளைக் கழித்து, மீதியை மட்டும் செப்பில் எழுதுகிறோம். நடு அதிர்வெண்ணில் அது பொருந்தும், மற்றவற்றில் பிசகும்.

எவ்வளவு பிசகும் என்று பார்ப்போம். 60 செ.மீ. விட்டமுள்ள வட்டப் பலகை, பட்டை 10.7 முதல் 12.7 கிகாஹெர்ட்ஸ் வரை, நடு 11.7 என்று கொள்வோம். அலைநீளம் 25.6 மி.மீ. முதலில் எளிமைக்காக ஃபீடை நடுவுக்கு நேரே 60 செ.மீ. உயரத்தில் வைப்போம். அதாவது ஃபீடின் தூரத்தைப் பலகையின் விட்டத்தால் வகுத்துக் கிடைக்கும் எஃப்/டி விகிதம் 1. விளிம்புக்குச் செல்லும் பாதை நடுப்பாதையைவிட 70.8 மி.மீ. அதிகம், கிட்டத்தட்ட 2.76 அலைநீளம். பட்டையின் இரு ஓரங்களும் நடுவிலிருந்து 8.55 சதவீதம் விலகியவை என்பதால், அங்கே விளிம்புத் துண்டுகளின் கட்டப் பிழை 85 டிகிரி. ஃபீடை 30 செ.மீ.க்கு இறக்கினால் பாதை வேறுபாடு 4.85 அலைநீளமாகி, பிழை 149 டிகிரிக்கு ஏறும். 90 செ.மீ.க்கு உயர்த்தினால் 1.9 அலைநீளம், 58 டிகிரி. பலகை முழுவதும் சீராக அலை விழுகிறது என்று கொண்டால், இதனால் மட்டும் பட்டையின் ஓரத்தில் போகும் கெயின் (சக்தியை ஒரே திசையில் குவிக்கும் திறன்) முறையே சுமார் 0.8, 2.6, 0.4 டெசிபல். துண்டுகளின் சொந்தப் பிழை இதற்கு மேல் தனி.

இங்கே அளவும் முக்கியம். எஃப்/டி 1 என்றே வைத்துக்கொண்டு பலகையை 1.2 மீட்டராக்கினால் பாதை வேறுபாடு இரட்டிப்பாகும், ஓர இழப்பு 3.5 டெசிபலைத் தொடும். சிறு பலகையில் நன்றாக வேலை செய்த வரைபடத்தைப் பெரிதாக்கி அச்சிட்டவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

இதே கணக்கை இன்னொரு விதமாகவும் சொல்லலாம், தொழிலுக்கு அதுதான் அதிகம் உதவும். துண்டுகளின் கட்டம் அதிர்வெண்ணோடு மாறாது என்று வைத்துக்கொண்டால், பலகையின் குவியம் அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்தில் வெளியே நகர்கிறது. 10.7 கிகாஹெர்ட்ஸில் குவியம் 55 செ.மீ.யில் இருக்கும், 12.7இல் 65 செ.மீ.யில். ஹார்னோ 60இல் நிற்கிறது. இதனால் ஃபீடை 6 மி.மீ. வெளியே தள்ளினால் ஆன்டெனா சிறப்பாக வேலை செய்யும் அதிர்வெண் ஏறக்குறைய 1 சதவீதம், அதாவது 117 மெகாஹெர்ட்ஸ் மேலே போகும், உள்ளே தள்ளினால் கீழே இறங்கும். ஹார்னின் கட்டமையமும், அதாவது அலை கிளம்புவதுபோலத் தோன்றும் புள்ளியும், அதிர்வெண் ஏற ஏற வாயிலிருந்து உள்ளே பின்வாங்கும். நல்லவேளையாக அதுவும் குவியம் நகரும் திசையிலேயே நகர்கிறது. ஆனால் அது மில்லிமீட்டர் கணக்கு, குவியம் நகர்வது 10 செ.மீ. அதை நம்பிப் பயனில்லை.

இனி நடுவுக்கு நேரே நிற்கும் ஃபீடை விட்டுவிட்டு, உண்மையான கூரைக்கு வருவோம். ஊட்டியிலிருந்து பார்த்தால், 83 டிகிரி கிழக்கில் நிற்கும் புவிநிலைச் செயற்கைக்கோள் அடிவானத்திலிருந்து 75 டிகிரி உயரத்தில், வடக்கிலிருந்து வலஞ்சுழியாக 151 டிகிரி திசையில் இருக்கும். கிட்டத்தட்ட தலைக்கு மேலே, சற்றே தென்கிழக்கில். கொடைக்கானலில் அது 76 டிகிரி, பெரிய வித்தியாசமில்லை. தெற்கு நோக்கி 30 டிகிரி சரிந்த தகரக் கூரை ஒன்றின் மேல் பலகையை அப்படியே படுக்க வைக்கிறோம் என்று கொள்வோம். காற்று பிடிக்காது, தூணும் வேண்டாம். பலகையின் செங்குத்துக்கோடு தெற்கே 60 டிகிரி உயரத்தை நோக்கும். அதற்கும் செயற்கைக்கோளுக்கும் இடையே 18¼ டிகிரி.

அகலப்பட்டைக்கு மிக முக்கியமான விதி இங்கே வருகிறது. கற்றை செல்லவேண்டிய திசைக்கு ஃபீட் கண்ணாடிப் பிரதிபலிப்புத் திசையில் இருக்க வேண்டும். பலகைக்குப் பதிலாக வெறும் அலுமினியத் தகடு இருந்தாலும் நடுவில் பட்ட அலை எந்தப் பக்கம் தெறிக்குமோ, அந்தப் பக்கமே கற்றையும் செல்ல வேண்டும். நம் கூரைக்குக் கணக்கிட்டால், ஃபீட் தண்டு பலகை நடுவிலிருந்து தெற்கே, 10 டிகிரி மேற்காக, அடிவானத்துக்கு 43 டிகிரி மேலே நீள வேண்டும். வேறு கூரையானாலும் வழி ஒன்றே: செயற்கைக்கோள் திசைக்கும் செங்குத்துக்கோட்டுக்கும் இடையிலுள்ள கோணத்தை, அதே தளத்தில் மறுபக்கம் எடுத்துக்கொள்வது.

இந்த விதியை மீறினால் என்ன ஆகும்? ஃபீடைச் செங்குத்துக்கோட்டிலேயே வைத்து, கற்றையை 18¼ டிகிரி சாய்க்கும் பொறுப்பைச் செப்புத் துண்டுகளிடம் கொடுத்தோம் என்று வைத்துக்கொள்வோம். நடு அதிர்வெண்ணில் எந்தக் குறையும் தெரியாது. 10.7இல் கற்றை 20 டிகிரிக்குப் போய்விடும், 12.7இல் 16.8க்கு வந்துவிடும். 60 செ.மீ. பலகையின் கற்றை அகலமே சுமார் 3 டிகிரிதான். ஆகவே பட்டையின் இரு ஓரங்களிலும் பாதி சக்தியோ அதற்கு மேலோ செயற்கைக்கோளுக்கு வெளியே போகிறது. துண்டு எவ்வளவு அகலப்பட்டையாக இருந்தாலும் இது குணமாகாது, ஏனெனில் பிழை துண்டில் இல்லை. பிரதிபலிப்புத் திசையில் வைத்தால் பாதை வேறுபாட்டின் நேர்கோட்டுப் பகுதி முழுவதும் ரத்தாகி, வளைவுப் பகுதி மட்டும் மிஞ்சும். கற்றை நகராது, சற்று மங்கும், அவ்வளவே. இன்னொரு நன்மையும் உண்டு. துண்டுகளின் கட்டுப்பாட்டுக்குள் வராமல் தரைத்தகட்டிலிருந்து தெறிக்கும் மீதி அலையும் பிரதிபலிப்புத் திசையில்தான் செல்லும். மற்ற அமைப்புகளில் அது தனிப் பக்கக்கற்றையாக நிற்கும், இங்கே முதன்மைக் கற்றைக்குள் அடங்கிவிடும்.

தூரத்தை எப்படி முடிவு செய்வது? முதல் வரம்பு மறைப்பு. ஃபீடுக்கும் கற்றைக்கும் இடையே 36½ டிகிரி. ஃபீட் 60 செ.மீ. தொலைவில் நின்றால் கற்றையின் நடுக்கோட்டிலிருந்து 35.7 செ.மீ. தள்ளியிருக்கும். கற்றையின் பாதி அகலம் 28.5 செ.மீ. இடைவெளி 7 செ.மீ., அதில் ஹார்னின் பாதி விட்டம் சுமார் 4 செ.மீ. போனாலும் 3 மீதி. 54 செ.மீ.க்குக் குறைத்தால் ஹார்னின் விளிம்பு கற்றையை உரசத் தொடங்கும். 42 செ.மீ. என்றால் ஹார்ன் கற்றைக்குள்ளேயே வந்துவிடும்.

அடுத்த வரம்பு ஹார்னின் விரிவு. எஃப்/டி 1 என்றால் பலகையின் விளிம்பு ஹார்னிலிருந்து சுமார் 26½ டிகிரியில் தெரியும். அந்தக் கோணத்தில் ஹார்னின் வீச்சு அதன் நடுவைவிட 10 டெசிபல் குறைந்திருக்க வேண்டும். இதற்கு 16½ டெசிபல் கெயினுள்ள, 74 மி.மீ. வாயுள்ள ஹார்ன் தேவை. எஃப்/டி 1.5 ஆனால் 19½ டெசிபல், 107 மி.மீ. ஹார்ன் பெருக்கும், தண்டு நீளும், காற்றில் ஆடும். பட்டையின் பார்வையில் தள்ளிவைப்பது நல்லதே என்றாலும் 60 செ.மீ. பலகைக்கு எஃப்/டி 1க்கும் 1.1க்கும் இடையில் நிறுத்துவதே சரி. அதற்கு மேல் கிடைப்பது அரை டெசிபலுக்கும் குறைவு.

கடையில் கிடைக்கும் டி.டி.எச். எல்.என்.பி.யை (டிஷ்ஷின் முன் நின்று சிக்னலை வாங்கும் பெட்டியை) அப்படியே மாட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. அதன் வாய் ஃபீட் பக்கவாட்டில் நிற்கும் ஆஃப்செட் டிஷ்ஷுக்காகச் செய்யப்பட்டது, 10 டெசிபல் குறைவதற்குச் சுமார் 38 டிகிரி போக வேண்டும். எஃப்/டி 1இல் அதை நிறுத்தினால் பலகையில் விழுவது 70 சதவீதம்தான். சரியான ஹார்னில் 91. மீதி 30 சதவீதம் சூடான கூரைத் தகரத்தையும் மண்ணையும் பார்க்கும். சிக்னல் குறைவதோடு இரைச்சலும் ஏறும் என்பதால், கெயின் கணக்கு காட்டுவதைவிட வரவேற்பு மோசமாக இருக்கும். சரி, கிட்டே கொண்டுபோகலாமே என்று 42 செ.மீ.யில் வைத்தால் மறைப்பும் வரும், பட்டை ஓரப் பிழையும் 115 டிகிரிக்கு ஏறும். எல்.என்.பி.யின் வாயில் கூம்பு ஒன்றைச் சேர்த்து 74 மி.மீ.க்கு விரிப்பதே வழி. ஹார்னின் கற்றையும் அதிர்வெண்ணோடு மாறும். விளிம்பில் 10 டெசிபல் குறையும் ஹார்ன், 10.7இல் சுமார் 8½தான் குறைக்கும், 12.7இல் 12 வரை குறைக்கும். அதனால் நடு அதிர்வெண்ணில் 10 முதல் 11 வரை வைத்துக்கொண்டால் இரு ஓரமும் தாங்கும்.

ஹார்ன் பலகையின் எந்தப் புள்ளியைப் பார்க்க வேண்டும்? நடுவை என்றுதான் தோன்றும். ஆனால் சாய்ந்த அமைப்பில் ஃபீட் பக்க விளிம்பு 29 டிகிரி விலகியும் எதிர்ப்பக்க விளிம்பு 22 டிகிரி விலகியும் தெரியும். நடுவைக் குறிவைத்தால் கிட்ட விளிம்பில் 12 டெசிபல், தூர விளிம்பில் 9 டெசிபல் குறைவு என்று சமமற்று விழும். குறியை ஃபீட் பக்கமாக 2 செ.மீ. நகர்த்தினால் அலை கடக்கும் தூரத்தால் வரும் இழப்பையும் சேர்த்து இரண்டும் 10¼ அளவில் சமமாகும். ஹார்னின் கட்டமையம் மட்டும் அசையக்கூடாது. அதைச் சுற்றித்தான் ஹார்னைத் திருப்ப வேண்டும். தாங்கியின் சுழல்புள்ளி ஹார்னின் கழுத்தில் இருந்தால் கோணம் மாறும்போது இடமும் மாறிவிடும், பிறகு எதைச் சரிசெய்தோம் என்றே தெரியாது.

தூர விளிம்பில் அலை விழும் கோணம் செங்குத்திலிருந்து 40 டிகிரி. கிட்ட விளிம்பில் 11. துண்டின் அளவுக்கும் கட்டத்துக்குமான வளைகோட்டை நேர்விழுகைக்கு மட்டும் கணக்கிட்டு, அதையே பலகை முழுவதும் பயன்படுத்தினால் தூரப் பகுதி முழுவதும் பிழையோடு அச்சாகும். 0, 20, 40 டிகிரிக்கு, இரு முனைவாக்கத்துக்கும் (அலையின் மின்புலம் அதிரும் இரு திசைகளுக்கும்), 10.7, 11.7, 12.7 மூன்று அதிர்வெண்ணுக்கும் வளைகோடுகள் வேண்டும். பார்க்க வேண்டியது வளைகோடு நேராக இருக்கிறதா என்பதை மட்டுமல்ல. மூன்று அதிர்வெண்களின் கோடுகளும் ஒன்றுக்கொன்று இணையாகச் செல்கின்றனவா என்பதுதான் கேள்வி. எல்லாத் துண்டுகளும் ஒரே அளவு மாறினால் கற்றைக்கு நட்டமில்லை.

துண்டைப் பற்றிச் சுருக்கமாக. துண்டுகளின் நடுவுக்கு நடு 10 மி.மீ. போதும். 60 செ.மீ. வட்டத்தில் 2,800க்கும் மேற்பட்ட துண்டுகள் வரும். மெல்லிய அடித்தளத்தில் ஒற்றைச் சதுரம் வேண்டாம். அதன் கட்ட வளைகோடு ஒத்ததிர்வுக்கு அருகே செங்குத்தாகப் பாயும், செப்பரிப்பில் 0.1 மி.மீ. தவறினால் 30 டிகிரிக்கும் மேல் பிசகக்கூடும். 0.5 மி.மீ. ரோஜர்ஸ் 4003 என்ற இழப்புக் குறைந்த அச்சுப் பலகையில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சதுர வளையங்கள், அடியில் 3 மி.மீ. நுரை, அதற்கடியில் 3 மி.மீ. அலுமினியம் என்ற அடுக்கு நல்ல தொடக்கம். நுரை வளைகோட்டைச் சாந்தமாக்கும், இரண்டாவது வளையம் 360 டிகிரிக்குத் தேவையான எல்லையைத் தரும். சாதாரண அச்சுப் பலகைப் பொருளான எஃப்.ஆர்.4 மலிவு என்றாலும் 12 கிகாஹெர்ட்ஸில் அலையைத் தின்னும். இன்னும் பெரிய பலகைக்கு, 360ஐக் கழிக்காமல் முழுத் தாமதத்தையும் தரும் தாமதக்கோட்டுத் துண்டுகள்தான் வழி. அவைதான் குவியத்தை நகராமல் நிறுத்தும். எல்லாத் துண்டுகளுக்கும் பொதுவாகக் கூட்டும் மாறிலிக் கட்டம் நம் கையில் இருக்கிறது. அதை 0 என்று விட்டுவிடாமல் பத்துப் பத்து டிகிரியாக மாற்றி, மூன்று அதிர்வெண்களிலும் மொத்தப் பிழை குறைவதைத் தேர்ந்தெடுத்தால் செலவில்லாமல் கொஞ்சம் பட்டை கிடைக்கும்.

மலையில் இந்தப் பலகைக்கு முதல் எதிரி ஈரம். டிஷ்ஷின் மேல் தண்ணீர் நின்றால் கொஞ்சம் இழப்பு, அவ்வளவுதான். இங்கே தண்ணீர்ப்படலம் ஒவ்வொரு வளையத்தின் ஒத்ததிர்வையும் இழுத்துவிடும். இந்த அதிர்வெண்ணில் நீரின் மின்காப்பு மாறிலி 40க்கு மேல். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை பெய்த மாவட்டம் இது. மழை ஓய்ந்தாலும் மேகமூட்டம் பலகையைக் காயவிடாது. செப்புக்குச் சற்று மேலே, தொடாமல் நிற்கும் மெல்லிய பாலிப்ரொப்பிலீன் மூடி வேண்டும், அதையும் சேர்த்தே வளைகோடுகளைக் கணக்கிட வேண்டும். நுரையின் நான்கு ஓரங்களையும் அடைக்காவிட்டால் ஈரம் ஏறி, பலகை ஒரு பருவத்திலேயே உப்பும். 1 மி.மீ. உப்பினால் 28 டிகிரிப் பிழை. அலுமினியத்தைத் தடிமனாக வைப்பது இதற்காகத்தான். நுரையை ஒட்டும்போது பசையில் குமிழ் நின்றாலும் இதே கதை.

அளந்து பார்க்க நீலகிரியைப் போல வசதியான இடம் குறைவு. பாடப்புத்தக விதிப்படி இந்தப் பலகைக்கு 30 மீட்டர் தூரம் போதும். ஆனால் 30 மீட்டரில் நிற்கும் அலைமூலத்துக்குக் கூர்மையாகத் தெரியும் ஃபீட் இடம் 61.2 செ.மீ., செயற்கைக்கோளுக்கோ 60. அந்த 12 மி.மீ.யை உண்மை என்று நம்பி இறுக்கிவிட்டால் பட்டை 2 சதவீதம் மேலே போய் நிற்கும். எதிர்ச்சரிவில் 200 மீட்டர் தள்ளி மூலத்தை வைத்தால் இந்தப் பிழை 2 மி.மீ.க்குள் அடங்கும். இடையில் பள்ளத்தாக்கு இருப்பதால் தரைத்தெறிப்பும் குறையும். தேயிலைச் சரிவில் கற்றையின் அடிப்பகுதி செடிகளை உரசாதபடி பலகையைக் கொஞ்சம் உயர்த்தினால் போதும்.

தாங்கியில் மூன்று திசையிலும் 15 மி.மீ. நகர்வு வேண்டும். முதலில் பக்கவாட்டு: நடு அதிர்வெண்ணில் கற்றை திசைக்கு வரும்வரை. 5 மி.மீ. நகர்த்தினால் கற்றை அரை டிகிரிக்குச் சற்றுக் குறைவாகத் திரும்பும். அடுத்து நீளவாட்டு: மூன்று அதிர்வெண்களிலும் கெயினைக் குறித்துக்கொண்டு, கீழ் ஓரம் நன்றாகவும் மேல் ஓரம் மோசமாகவும் இருந்தால் வெளியே, மாறாக இருந்தால் உள்ளே. ஹார்னின் சாய்வு கடைசியில், ஏனெனில் அது விளிம்பு வீச்சை மட்டுமே தொடும். நடு அதிர்வெண்ணில் மட்டும் உச்சத்தைத் தேடி இறுக்கிவிடுவது கூடாது. அங்கே உச்சம் அகலமானது, 10 மி.மீ. தவறினாலும் விளிம்பில் 15 டிகிரிதான் பிசகும், மீட்டரில் ஒன்றும் தெரியாது. தவறு தெரிவது ஓரங்களில்தான்.

இடம் உறுதியானதும் திருகுகளை மட்டும் நம்பாமல், துளையிட்டு ஆணி இறக்கிவிட வேண்டும். ஜனவரி உறைபனிக்கும் உச்சிவெயிலுக்கும் இடையே 20 டிகிரி மாறினாலும் 60 செ.மீ. அலுமினியத் தண்டு 0.3 மி.மீ.கூட நீளாது, அது கவலையில்லை. எல்.என்.பி.யின் எடையில் தண்டு தொங்குவதும் தென்மேற்குக் காற்றில் ஆடுவதும்தான் கவலை. ஒற்றைத் தண்டுக்குப் பதில் பலகையின் மூன்று விளிம்புப் புள்ளிகளிலிருந்து மெல்லிய கண்ணாடியிழைத் தாங்கிகள் ஹார்னில் போய்ச் சேரட்டும். அவற்றில் எதுவும் செயற்கைக்கோள் பக்கமாகக் கற்றையைக் குறுக்கிடாதபடி இரண்டைக் கீழ் விளிம்பிலிருந்தும் ஒன்றைப் பக்கவாட்டிலிருந்தும் எடுக்க வேண்டும்.